பதினேழாம் கேள்விக்கு எட்டு மார்க்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரித்த விடைத்தாள் கட்டில் ஒன்பதாவது தாள் அது. மேல் அட்டையில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, கல்லூரி இருக்காது; பதிவெண் இருந்த துண்டைக் கிழித்துக்கொண்டு அந்த இடத்தில் ஆறு இலக்கத்தில் வேறொரு எண்ணை அடித்திருப்பார்கள். எழுதியது யாரென்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்றுதான் பேராசிரியர் கோமதிநாயகம் இருபத்தாறு வருஷமாகச் சொல்லிவருகிறார். ஆனாலும் பத்தாம் பக்கத்தைத் திருப்பியபோது அவருடைய சிவப்புப் பேனா தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிட்டது. அந்த 'ழ'. வாலைக் கீழே இறக்கி, இடப்பக்கம் கொண்டுபோய், ஒரு சுழி சுழித்து விட்டிருந்தது. இப்படி ழகரம் எழுதுகிற கை ஒன்றுதான் அவருக்குத் தெரியும். இல்லை, எத்தனையோ பேர் எழுதலாம், ஐந்து மாவட்டத்துப் பிள்ளைகள் எழுதுகிற பரீட்சை, எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் இப்படிச் சுழித்துக் காட்டியிருப்பாள், அவளிடம் படித்த அத்தனை பேரும் இப்படித்தான் எழுதுவார்கள். வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டார். எதிர் நாற்காலியில் பிரம்மநாயகம், வேறு கல்லூரிக்காரர், கல்லூரி நாளிலிருந்து சிநேகிதர், தலையைத் தூக்காமலே, "என்ன கோமதி, உறக்கம் வருதோ?" என்றார். "வெக்கை வே" என்றார் இவர். வெக்கைதான். ஏப்ரல் மாதத்துத் தகரக்கூரை அரங்கம், விடைத்தாள் திருத்தும் முகாம், நூறு வாத்தியார்கள், நூறு சிவப்புப் பேனா. வாசலில் எல்லோருடைய செல்போனையும் வாங்கித் துணிப்பையில் போட்டுச் சீட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்.

கேள்வி அவர் கொடுத்ததுதான். எம்.ஏ. இரண்டாம் வருஷம், 'சிறுகதையும் கட்டுரையும்' என்ற தாள். பதினேழாவது கேள்வி, பதினைந்து மார்க். கதைப்பின்னல், நோக்குநிலை, முரண்நகை மூன்றும் விளங்கும்படி தன்மை இடத்தில் ஒரு சிறுகதை எழுதுக. அரைப்பக்கத்தில் அதை விளக்குக. போன வருஷம் வினாத்தாள் குழுவில் உட்கார்ந்து அவர் இதைச் சொன்னபோது மற்றவர்கள் தயங்கினார்கள், பிள்ளைகள் திணறிப்போகும் சார் என்றார்கள். திணறட்டுமே, என்றார். மனப்பாடம் பண்ணி வாந்தியெடுக்கிற படிப்பு அவருக்கு ஆகாது. வகுப்பில் அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: கட்டுரையில் 'நான்' என்று வந்தால் எழுதினவன் தலையைக் கொடுக்கிறான், அவனை நம்பு, கதையில் 'நான்' என்று வந்தால் அவனைச் சந்தேகப்படு, அவன் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்று பார். சொல்லிவிட்டு மேஜையை இரண்டு தரம் தட்டுவார். முன்வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை அப்படியே எழுதிக்கொண்டவள் ஜெசிந்தா. உவரிக்காரி, கடலுக்குப் போகிற வீட்டுப் பெண், அந்த வீட்டில் முதன்முதலாக எம்.ஏ. வரைக்கும் வந்தவள். சுழித்த ழகரத்தில் அவள் எழுதிய வீட்டுப்பாடங்களை அவர் துறை அறையில் மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டியிருக்கிறார். அவளுக்குப் புத்தகம் கொடுத்திருக்கிறார், தம் சொந்தப் புத்தகம். பிள்ளைகளுக்கு அவரை மாதிரி செய்கிற வாத்தியார் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவள் இந்தத் தாளைப் போன வருஷமே எழுதியிருக்க வேண்டும். வருகை குறைந்து போனதால் எழுதவிடவில்லை. அதற்கு அவர் என்ன செய்வார்?

கதை இப்படித் தொடங்கியது: 'நான் கெட்டவன் அல்ல. என் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள்.' நல்ல தொடக்கம் என்று பேனா தன்போக்கில் ஓரத்தில் ஒரு கோடு போட்டது. போட்ட பிறகுதான் அவர் அடுத்த வரியைப் படித்தார். 'அன்றைக்கு மழை. கடைசிப் பேருந்து அல்ல, அடுத்த பேருந்து இருந்தது. ஆனாலும் ஒரு பெண்பிள்ளையை மழையில் நிற்க விடலாமா? காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். ஏறு பிள்ளை, என்றேன்.' ஏறு பிள்ளை. அவர் அப்படித்தான் கூப்பிடுவார், எல்லாப் பெண்களையும் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார், இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். மழை யாருக்கும் பெய்யும். கார் எத்தனையோ வாத்தியார்களிடம் இருக்கிறது. 'பேருந்து நிலையத்துக்கு நேர்வழி ஐந்து நிமிஷம். பாலத்துக்கடியில் தண்ணீர் நிற்கும் என்று புறவழிச்சாலையில் விட்டேன். தண்ணீர் நின்றதா என்று பார்க்கவில்லை.' அவர் பார்க்கவில்லைதான். மழை பெய்தால் அந்தப் பாலத்துக்கடியில் தண்ணீர் நிற்கும், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், போய்ப் பார்த்துவிட்டா திரும்ப முடியும்? தண்ணீர் நிற்பதற்கு எத்தனை நேரம் மழை பெய்ய வேண்டும், பத்து நிமிஷமா, அரைமணியா? அன்றைக்கு எத்தனை நேரம் பெய்திருந்தது? மூன்றே முக்காலுக்கு வகுப்பு முடிந்தபோது வெயில்தான் அடித்தது, இல்லை, மேகம், மேகம் இருந்தது. இந்த இடத்தில் கதைப்பின்னல் பிடிபடுகிறது, என்று அவருக்குள் இருந்த வாத்தியார் சொன்னார். ஒவ்வொரு காரணத்தையும் சொல்கிறவனே கொடுக்கிறான், கேட்காத காரணத்தையும் கொடுக்கிறான், அங்கேதான் நாம் நிற்க வேண்டும். நல்ல கை. பத்துக்கு மேல் கொடுக்க வேண்டிய கை. இதை நினைத்தபோது அவருடைய இடது முழங்கால் மேஜைக்கடியில் தானாக ஆடத் தொடங்கியிருந்தது.

'வழியில் ஒரு டீக்கடை. இரண்டு டீ வாங்கினேன். அவள் குடிக்கவில்லை, அதில் ஆடை படிந்தது. கையைக் காட்டு, ரேகை பார்க்கிறேன் என்றேன். படிப்பு ரேகை நீளமாக ஓடுகிறது என்றேன். அவள் கை குளிர்ந்திருந்தது. மழைதானே.' ஆமாம், மழைதான். அவர் அந்தச் சாயங்காலத்தை இத்தனை நாளும் டீயாகத்தான் வைத்திருந்தார். டீ, மழை, கண்ணாடியில் ஓடுகிற தண்ணீர், ஒரு பிள்ளைக்கு நல்ல வார்த்தை சொன்னது. நினைத்துப் பார்த்தால் மனசுக்கு இதமாகக்கூட இருந்திருக்கிறது, அதைச் சொல்வதில் என்ன தப்பு? அவள் சிரித்தாள். சிரித்தது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. தாளில் எழுதியிருந்தது: 'அவள் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். பல் தெரிந்தது.' கோமதிநாயகம் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அரங்கத்தின் அந்தக் கோடியில் யாரோ கட்டை முடித்து நூல் சுற்றுகிற சத்தம். 'போதும் சார், நான் இறங்கிக்கிறேன் என்றாள். கதவைத் திறந்தாள். திறக்கவில்லை. பழைய கார், சில சமயம் அப்படித்தான். அப்புறம் நானே திறந்துவிட்டேன்.' அதோடு பத்தி முடிந்தது. அடுத்த பத்தி பேருந்து நிலையத்தில் தொடங்கியது. 'அப்படித்தான்' என்பதற்கும் 'அப்புறம்' என்பதற்கும் நடுவே ஒரு முற்றுப்புள்ளி மட்டும் இருந்தது. அவர் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சில சமயம் அப்படித்தான். மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தார். சொன்னாரா? குழந்தைகளுக்காகப் போடுகிற பூட்டு அது, பின்கதவுக்குத்தான் இருக்கும்; முன்கதவுக்கு டிரைவர் பக்கத்தில் ஒரு பொத்தான், அது பட்டால் எல்லாக் கதவிலும் பூட்டு விழும், கை தெரியாமல் பட்டுவிடும். தெரியாமல் பட்டுவிடும். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவருக்கு அது அப்படிப் பட்டதே இல்லை என்பது இப்போது, இந்த வெக்கையில், இத்தனை பேர் நடுவில், ஏன் நினைவுக்கு வர வேண்டும்? எத்தனை நேரம்? இரண்டு நிமிஷம். டீக்கடைக்காரன் தம்ளரை எடுக்க வந்து கண்ணாடியைத் தட்டினான், அது வரைக்கும். தம்ளரை எடுக்க ஒருவன் எத்தனை நேரத்தில் வருவான்? அதற்குள் அவர் அவள் கையை விட்டுவிட்டார். கையைத்தான் பிடித்திருந்தார். முதலில் கையை.

விளக்கம் எழுதிய அரைப்பக்கத்தைப் படிக்காமலே மார்க் போட்டுவிடலாம் என்று தோன்றியது. யாரும் கேட்கப்போவதில்லை. பேனாவை மூடினார், திறந்தார், பக்கத்தைத் திருப்பினார். 'விளக்கம்: கதை சொல்கிறவருக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரிந்திருந்தால் அது முரண்நகை என்று படித்தோம். இந்தக் கதையில் கதவு ஏன் திறக்கவில்லை என்று சொல்கிறவருக்கும் தெரியும். ஆகையால் இதில் முரண்நகை இல்லை. பொய் மட்டும் இருக்கிறது. இதையே நான் கட்டுரையாக எழுதினால் அதில் வரும் நான் நானாக இருப்பேன். நான் ஒரு தரம் அப்படிச் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. ஆகவே அவருடைய நோக்குநிலையில் எழுதியிருக்கிறேன்.' படித்து முடித்ததும் காதுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி அரங்கத்துச் சத்தமெல்லாம் தூரத்துக்குப் போயிற்று. நான் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். யாரிடம் என்று அவருக்குத் தெரியும். துறைத்தலைவர் தங்கப்பாண்டியனிடம். அவர் இவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, "என்ன சார் இது, அந்த உவரிப் பொண்ணு என்னமோ சொல்லுது" என்றபோது இவர் பதறவில்லை. வருத்தப்பட்டார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. "நல்ல பிள்ளை சார். கொஞ்சம் கற்பனை ஜாஸ்தி. அதுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு" என்றார். தங்கப்பாண்டியன் தலையாட்டினார், காபி வரவழைத்தார். அதற்கப்புறம் அவள் வகுப்புக்கு வரவில்லை. அக மதிப்பெண்ணில் அவர் அவளுக்கு இருபத்தைந்துக்குப் பதினொன்று போட்டார். வராத பிள்ளைக்கு எப்படி அதற்கு மேல் போடுவது? ஒருநாள் நூலகத்துப் படியில் அவளைப் பார்த்தார். அவள் சுவரோடு சுவராக ஒதுங்கி, அவர் போகும் வரைக்கும் மூச்சை நிறுத்தியவள் மாதிரி நின்றாள். மரியாதை என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினார். அப்படித்தான் நினைத்தாரா, அல்லது அப்படி நினைத்ததாக இறங்கினாரா? இருபத்தாறு வருஷம் மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்ன பாடம், சொல்கிறவன் எதை விடுகிறான் என்று பார் என்று. அதைக் கேட்டு எழுதிக்கொண்ட பெண் பார்த்திருக்கிறாள். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, அவர் பேசுகிற மாதிரியே பேசியிருக்கிறாள், அவ்வளவுதான். தாளில் இருந்த ஒவ்வொரு 'நான்' என்ற சொல்லும் அவருடைய குரலில், அவர் தொண்டை செருமி நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவளுடைய சுழித்த எழுத்தில் உட்கார்ந்திருந்தது.

இப்போது செய்ய வேண்டியதைப் பார்க்க வேண்டும். இந்த நினைப்பு வந்ததும் கால் ஆடுவது நின்றுவிட்டது, அதை அவரே கவனித்தார். முகாமின் முறை அவருக்குத் தெரியும். தோற்ற தாள்களைத் தலைமைத் திருத்துநர் மறுபடி பார்ப்பார். அறுபதுக்கு மேல் போன தாள்களையும் பார்ப்பார். நடுவில் கிடக்கிறவற்றில் கைக்கு வந்த இரண்டு மூன்றை உருவிப் பார்ப்பார், அதுவும் நேரம் இருந்தால். தோற்கடித்தால் படிக்கப்படும், பாராட்டினாலும் படிக்கப்படும். சுமாராகப் போட்டால் யாரும் திறக்க மாட்டார்கள், கட்டோடு கட்டாகப் பழைய தாள் அடுக்கும் கிட்டங்கிக்குப் போகும், ஆறு மாதத்தில் காகிதக் கூழாகும். கூட்டிப் பார்த்தார். மற்ற கேள்விகளுக்கெல்லாம் அவள் நன்றாக எழுதியிருந்தாள், ஏற்கெனவே அறுபதுக்கு நாற்பத்து மூன்று வந்திருந்தது. பதினைந்து போட்டால் ஐம்பத்தெட்டு, ஒன்றும் ஆகாதே, போடலாமே என்று ஒரு கணம் மனசு தாராளமாயிற்று, அப்படிப் போட்டால் அவளுக்கும் நல்லது. ஆனால் ஒரு கேள்விக்கு முழு மார்க் என்றால் கண்ணில் உறுத்தும். எட்டு. எட்டு எந்தக் கண்ணையும் இழுக்காது. எட்டு என்று எழுதி வட்டம் போட்டார். ஓரத்தில் முதலில் போட்ட பாராட்டுக் கோட்டை அடிக்கலாமா என்று யோசித்து, அடித்தால் அதுவே அடையாளம் என்று விட்டார். தாளைக் கட்டின் நடுவில், பதினோராவதாகச் செருகினார். பிறகு மீதித் தாள்களை எடுத்தார். ஒருவன் முரண்நகைக்கு விளக்கமாக நகை நட்டைப் பற்றி எழுதியிருந்தான். வேறு சமயமாக இருந்தால் பிரம்மநாயகத்திடம் படித்துக் காட்டியிருப்பார். நாலரைக்குக் கட்டை நூலால் சுற்றி முடிச்சுப் போட்டார். வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டும். அவள் இதை வேறு எங்கும் எழுதியிருப்பாளா? எழுதியிருக்க மாட்டாள். நம்பவில்லை என்று அவளே சொல்கிறாள். விடைத்தாளில்தானே எழுதியிருக்கிறாள், யாரென்றே தெரியாத ஒருவர் படிப்பார் என்று. அந்த யாரோ ஒருவர் அவராகவே இருப்பார் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள். அல்லது, கேள்வியைப் பார்த்ததுமே இது யார் கேட்கிற கேள்வி என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா? அந்த நடையில் வேறு யாரும் கேட்க மாட்டார்களே. தெரிந்துதான் எழுதினாளா?

தலைமைத் திருத்துநர் சண்முகவடிவு அந்த மேஜைக்கு வந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிற அம்மாள், குட்டையான உருவம், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார், சிரிக்க மாட்டார். பிரம்மநாயகத்தின் கட்டில் மூன்று தாள் உருவிப் பார்த்து ஒப்பமிட்டார். அப்புறம் கோமதிநாயகத்தின் கட்டை இழுத்து முடிச்சை அவிழ்த்தார். மேலே இருந்து ஒன்று எடுத்தார். சரி. அடியில் இருந்து ஒன்று. சரி. போதும், அவ்வளவுதான், என்று கோமதிநாயகம் நாற்காலியை நகர்த்தினார். அம்மாள் கட்டின் நடுவில் கட்டைவிரலை விட்டு, சீட்டுக்கட்டைப் பிரிக்கிற மாதிரிப் பிரித்தார். அது பன்னிரண்டாவது தாள். அவர் மூச்சை விட்டார். அதைத் திருப்பி வைத்தபோது ஒட்டிக்கொண்டு பதினோராவது தாளும் வந்தது. மார்க்குகளை மேலோட்டமாகப் பார்த்தவர் பதினேழுக்கு நேரே விரலை வைத்தார். "எல்லாத்துலயும் முக்கால்வாசி எடுத்திருக்கு, இதுல மட்டும் எட்டா?" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். நின்றபடியே படித்தார். ஒரு பக்கம் படித்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம் திரும்ப வெகுநேரம் ஆயிற்று. பிறகு விளக்கம். பிறகு பக்கங்களைப் பின்னால் திருப்பி, நடுவில் ஏதோ ஓர் இடத்தை மறுபடி படித்தார். அது எந்த இடம் என்று கோமதிநாயகத்துக்குத் தாளைப் பார்க்காமலே தெரிந்தது.

"ஏன் சார் எட்டு?" என்றார் அம்மாள். குரலில் ஒன்றும் இல்லை. "முரண்நகை இல்லைன்னு எழுதியிருக்கு மேடம். கேள்வி முரண்நகையைக் கேக்குது." "சரிதான்" என்றார் அவர். கொஞ்ச நேரம் தாளின் ஓரத்தில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். "கதை மாதிரித் தெரியலையே சார். யாரோ ஒரு பொண்ணு நடந்ததை எழுதியிருக்கு. எங்க இருக்கோ, எப்படி இருக்கோ. படிக்கவே ஒரு மாதிரி இருக்கு." கோமதிநாயகத்துக்குத் தாமும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சும்மா இருப்பதுதான் தப்பாகத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டார். "கற்பனைதான் மேடம். அதுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு." வாக்கியம் வாயை விட்டுப் போன பிறகு அதை அவரே கேட்டார். எதிரே பிரம்மநாயகத்தின் பேனா நின்றது. சண்முகவடிவு தலையைத் தூக்கிக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். முதலில் புரியாத பார்வை. பிறகு அது மெல்ல மாறுவதை அவர் கண்முன்னாலேயே கண்டார். "எதுக்கு சார்?" என்றார். "இல்ல மேடம், பொதுவா பிள்ளைங்களுக்கு..." "அதுக்குன்னு சொன்னீங்க." அம்மாள் குரலை உயர்த்தவில்லை. "யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" கோமதிநாயகம் பிரம்மநாயகத்தைப் பார்த்தார். முப்பது வருஷச் சிநேகிதர் தம் முன்னால் இருந்த தாளில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்ல வேண்டும், ஒரே சொல், அதற்கு வாய் திறந்தால் போதும். சண்முகவடிவு தாளை மூடி, மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு எழுந்து, வரிசைகளுக்கு நடுவே முகாம் அலுவலரின் மேஜையைப் பார்த்து நடந்தார். அங்கே குனிந்து எதையோ சொன்னார். முகாம் அலுவலர் இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு இரும்பு அலமாரியைத் திறந்து, எந்த எண் யாருடையது என்று இருக்கும் நீளமான பதிவேட்டை வெளியே எடுத்தார்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள், வாசலில் துணிப்பைகள் திறந்தன, செல்போன்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றுக் கூவின. பிரம்மநாயகம் எப்போது போனார் என்று தெரியவில்லை, அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. கோமதிநாயகம் கட்டை எடுத்துக்கொண்டு ஒப்படைக்கிற மேஜைக்குப் போனார். அங்கே இருந்த கிளார்க் பெண்மணி எச்சில் தொட்டுத் தாள்களை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "சார், உங்க கட்டுல ஒண்ணு குறையுது." "அது மேடம்ட்ட இருக்கு." "அப்ப அது வார வரைக்கும் நீங்க வெளிய போக முடியாது சார். அங்ஙன உக்காருங்க" என்று சுவரோரத்து நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். அரங்கம் காலியாகிக்கொண்டே வந்தது. காவலாளி ஜன்னல்களை வரிசையாகச் சாத்திக்கொண்டு வந்தான். அந்தக் கோடியில் இரண்டு தலைகள் பதிவேட்டின் மேல் குனிந்திருக்க, சண்முகவடிவின் விரல் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக, அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.